ரோட்டரிக்குக் கம்ப்யூட்டர் மாட்டப் போகும் தம்பிக்கு

ஆர்எக்ஸ்-7 வாங்கிய கையோடு எல்லாரும் வந்து கேட்பது ஒரே கேள்வி: "ஐயா, எந்தக் கம்ப்யூட்டர் நல்லது?" ஹால்டெக்கா, லிங்க்கா, மோடெக்கா, பழைய பவர் எஃப்சியே போதுமா? கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. அவற்றைக் கேட்காமல் விட்டதால் செத்துப்போன எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஹவுசிங்கின் உள்சுவரில் உடைந்த சீல் உழுதுவிட்டுப் போன கோட்டைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். ஆண்பிள்ளையோ பெண்பிள்ளையோ, இந்த வண்டியில் கை வைக்க வருகிற யாருக்கும் அந்தக் கோட்டைப் பார்க்கும் நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பேசுவது எஃப்டி3எஸ் எனப்படும் மூன்றாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 பற்றி. 1991 கடைசியில் ஜப்பானில் வெளிவந்து, 2002-ல் உற்பத்தி நின்ற வண்டி. உள்ளே இருப்பது 13பி-ஆர்இடபிள்யூ: தலா 654 சிசி கணக்கில் இரண்டு ரோட்டர், ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் வேலைக்கு வரும் இரண்டு டர்போ. வேறு டர்போ ரோட்டரி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. எஞ்சின் நலமாக இருக்கிறதா என்று முதலில் பார்.

தேய்ந்த எஞ்சினைப் புதுக் கம்ப்யூட்டர் குணப்படுத்தாது. கம்ப்ரஷன் எடு. பிஸ்டன் எஞ்சினுக்கு வைத்திருக்கும் கேஜ் இங்கே உன்னை ஏமாற்றும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். அந்தக் கேஜ் மூன்றில் எது அதிகமோ அதில் போய் நின்றுகொள்ளும். இரண்டு முகங்கள் செத்திருந்தாலும் முள் நல்ல எண்ணைத்தான் காட்டும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சாதாரணக் கேஜின் வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, முள்ளின் மூன்று துள்ளலும் ஒரே உயரமாக இருக்கிறதா என்று பார்.

ஸ்டார்ட்டர் எவ்வளவு வேகத்தில் சுற்றியது என்பதையும் எழுதிவை. மாஸ்டாவின் கணக்கு நிமிடத்துக்கு 250 சுற்றுக்கு உரியது. பேட்டரி நன்றாக இருந்து வேகமாகச் சுற்றினால் எண் தானாக உயர்ந்து நிற்கும். ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150 கிலோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கேயே நிறுத்து. ரோட்டரின் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் பக்கத்துப் பக்கத்து இரண்டு அறைகளுக்கும் பொதுவான சுவர். அதனால் ஒரு சீல் போனால் இரண்டு முகங்கள் விழும். அடுத்தடுத்த இரண்டு முகங்கள் தாழ்ந்திருந்தால் சந்தேகம் எங்கே போக வேண்டும் என்று இப்போது உனக்கே தெரியும்.

2. நாக்கிங் இந்த எஞ்சினை என்ன செய்யும் என்பதைப் புரிந்துகொள்ளாமல் லேப்டாப்பைத் திறக்காதே.

மற்ற எல்லாவற்றையும்விட இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பிஸ்டன் எஞ்சின் கொஞ்சம் நாக்கிங் வந்தாலும் பலமுறை தாங்கிக்கொண்டு, உனக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் சாகும். டர்போ ரோட்டரி அப்படிப்பட்டதல்ல. எரியும் அறை நீண்டு ஒடுங்கியது. அது ரோட்டரோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. நெருப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் மிச்சக் கலவை தானாக வெடித்தால், அந்த அடி நேராக அபெக்ஸ் சீலில் விழும். அதன் தடிமன் 2 மில்லிமீட்டர். உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும்போது டர்போவின் டர்பைன் இலைகளையும் அடித்துக்கொண்டு போகும். முழு பூஸ்டில் கண் இமைக்கும் நேரம் போதும்.

அந்தச் சீலுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1960-களில் ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் கெனிச்சி யாமாமோட்டோவும் அவர் குழுவும் ரோட்டரியைக் கையில் எடுத்தபோது, ஹவுசிங்கின் உள்சுவர் முழுக்க வரிவரியாகக் கீறல் விழுந்தது. பிசாசின் நகக்கீறல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். சீல் அதிர்ந்து அதிர்ந்து சுவரைச் சுரண்டியதுதான் காரணம். கார்பனும் அலுமினியமும் கலந்த சீலைக் கண்டுபிடித்து அதைத் தீர்த்த பிறகுதான் 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. அத்தனை பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் காப்பாற்றிய பொருளை ஓர் அட்டவணையில் தவறான எண்ணைத் தட்டி உடைப்பது எனக்குப் பொறுக்காது.

நாக்கிங் சத்தம் காதுக்குக் கேட்கும் என்று நம்பாதே. எக்ஸாஸ்ட் சத்தத்தில் அது அமுங்கிவிடும். நாக் சென்சார் உதவும். ஆனால் அது சாதாரண எஞ்சின் இரைச்சலையும் சேர்த்தே கேட்கிறது. பூஸ்ட் இல்லாமல் ஒவ்வொரு வேகத்திலும் அதன் எண் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பதிவு செய். அந்த வழக்கமான எண் தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது தெரியும்.

3. பழைய கம்ப்யூட்டர் என்னென்ன வேலை பார்த்தது என்று ஒரு தாளில் எழுது.

பெட்ரோல், ஸ்பார்க் இரண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது என்று நினைக்காதே. ஐடிலிங் வால்வு, ரேடியேட்டர் விசிறி, ஏசி கட், பெட்ரோல் பம்பின் இரண்டு வேகம் எல்லாம் அதன் பொறுப்பு. அவற்றுக்கும் மேலே இரண்டு பெரிய வேலைகள்.

முதலாவது ஆயில் மீட்டரிங் பம்ப். அபெக்ஸ் சீலுக்கு வழுக்கல் கொடுக்க, எஞ்சின் ஆயிலைத் துளித்துளியாக உள்ளே அனுப்பும் பம்ப் இது. எஃப்டியில் இதை மோட்டார் வைத்துக் கம்ப்யூட்டரே ஓட்டுகிறது. பவர் எஃப்சி அதைத் தொடர்ந்து ஓட்டும். தனியாக ஒயரிங் செய்யும் பல கம்ப்யூட்டர்களோ, நீ ஏற்பாடு செய்து கொடுக்காவிட்டால், கண்டுகொள்ளாது. பம்ப் நின்றது தெரியாமல் ஓட்டினால் சீல் காய்ந்து தேயும். புதுக் கம்ப்யூட்டர் அதை ஓட்டாது என்றால் பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி வரை நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தே ஆக வேண்டும். மறக்கிற ஆள் என்றால் ஆயில் டப்பாவைப் பெட்ரோல் மூடிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வழி பார்.

இரண்டாவது அந்த இரட்டை டர்போ. சுமார் 4500 சுற்று வரை முதல் டர்போ தனியாக உழைக்கும். அதற்குப் பிறகு இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கைமாற்றத்தைச் செய்வது ஒரு கூட்டம் சோலனாய்டுகளும், அவற்றைச் சுற்றி எலிக்கூடு மாதிரி ஓடும் வேக்குவம் ஹோஸ்களும். உன் புதுக் கம்ப்யூட்டரால் அத்தனை சோலனாய்டையும் சரியான வரிசையில் ஓட்ட முடியுமா என்று வாங்குமுன் கேள். முடியாது என்றால் இரண்டு டர்போவும் எப்போதும் சேர்ந்தே ஓடும்படி மாற்ற வேண்டும், அல்லது ஒற்றை டர்போவுக்குப் போக வேண்டும். அது வேறு செலவு, வேறு வேலை. கம்ப்யூட்டரை வாங்கி மேசையில் வைத்துவிட்டு யோசிக்கிற விஷயமில்லை.

4. இப்போது வா, எந்தக் கம்ப்யூட்டர் என்று பேசலாம்.

வண்டி கிட்டத்தட்ட ஆலையில் இருந்து வந்தபடியே, இரட்டை டர்போவோடு இருக்கிறதா? பழைய இணைப்பிலேயே செருகும் பிளக்-இன் வகை போதும். ஜப்பானின் அபெக்சி செய்த பவர் எஃப்சி பல ஆண்டுகளாக இந்த வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கைப்பெட்டியில் பூஸ்ட், நாக், தண்ணீர்ச் சூடு, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது எல்லாம் தெரியும். ஆனால் அது பழைய காலத்துக் கருவி. ஆபத்து வந்தால் தானாகக் கை கொடுக்கும் பாதுகாப்புகள் அதில் குறைவு.

ஒற்றை டர்போ, பெரிய இன்ஜெக்டர், எத்தனால் என்று திட்டம் இருந்தால் முழு அளவுக் கம்ப்யூட்டர் எடு. சிட்னியில் 1986 முதல் இருக்கும் ஹால்டெக், கிறைஸ்ட்சர்ச்சின் லிங்க், மெல்போர்னின் மோடெக் எல்லாமே ரோட்டரியை நன்றாக அறிந்தவை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ரோட்டரிப் பந்தயம் ஊறிப்போன ஒன்று. அங்கிருந்து நல்ல கருவிகள் வருவதில் ஆச்சரியமில்லை. இவற்றுக்குள் எது என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: உன் வண்டியை டியூன் செய்யப் போகிறவர் எதை நன்றாக அறிந்தவரோ, அது. ஆளை முதலில் தேர்ந்தெடு, பெட்டி தானாக முடிவாகும்.

5. ஒயரிங்கை வெட்டுவதற்கு முன் படத்தை அச்சடித்துக் கையில் வை.

மிக இளைய எஃப்டிக்கே இருபது வயது தாண்டிவிட்டது. எஞ்சின் மேலே படுத்திருக்கும் ஒயர்க் கட்டு சூட்டில் வெந்து, பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே நொறுங்கும். அந்தக் கட்டு அப்படி இருந்தால், விலை உயர்ந்த கம்ப்யூட்டரை அதன் நுனியில் மாட்டுவதில் பயனில்லை, கட்டை மாற்று. ஒவ்வோர் ஒயரையும் மல்டிமீட்டரால் முனைக்கு முனை சோதித்துப் படத்தில் குறியிடு. நிறத்தை நம்பாதே. உனக்கு முன்னால் யாரோ கை வைத்திருப்பார்கள். கிரிம்ப் செய்ய அதற்குரிய கருவியை வாங்கு. கட்டிங் பிளையரால் நசுக்கிய முனை இன்றைக்கு வேலை செய்யும், மழைக்காலத்தில் கைவிடும்.

6. எர்த்.

கம்ப்யூட்டரின் பவர் எர்த்தை எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் போடு. சென்சார்களின் எர்த் தனியாகக் கம்ப்யூட்டருக்கே திரும்பட்டும். காயில்களின் எர்த்தோடு சென்சார் எர்த்தைக் கலந்தால் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் சென்சார் எண்கள் துள்ளும். இல்லாத வியாதிக்கு மருந்து தேடி அலைவாய்.

7. அழுத்த சென்சாரின் ஹோஸ்தான் உன் எஞ்சினின் உயிர்நாடி.

இந்த வண்டியில் காற்றளவு மீட்டர் கிடையாது. உள்ளே வரும் காற்று எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுவது இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் சூட்டையும் வைத்துத்தான். கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது தம்பி. சென்சார் சொல்வது எதுவோ, அதுவே அதற்கு உலகம்.

முழு பூஸ்டில் அந்த ஹோஸ் கழன்றது என்று வைத்துக்கொள். சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். பூஸ்டே இல்லை என்று கம்ப்யூட்டர் நம்பி அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் ஊற்றும்; ஸ்பார்க்கையும் முன்னே தள்ளும். காற்றோ முழு அளவில் உள்ளே வந்துகொண்டிருக்கும். அத்தோடு கதை முடிந்தது. ஆகவே மேனிஃபோல்டில் த்ராட்டிலுக்குப் பின்னால் தனித் துளை, தனி ஹோஸ், இரண்டு முனையிலும் கிளாம்ப். அதிலிருந்து பூஸ்ட் மீட்டருக்கும் புளோ-ஆஃப் வால்வுக்கும் கிளை பிரிக்காதே. பூஸ்டை ஏற்றப் போகிறாய் என்றால் சென்சாரின் வரம்பையும் பார். பழைய சென்சார் ஓர் அளவுக்கு மேல் படிக்காது. அதற்கு மேல் அழுத்தம் ஏறினாலும் அதே எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்.

8. காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரை மாற்று. பழையது மேனிஃபோல்டிலேயே உட்கார்ந்திருப்பதால் உலோகத்தின் சூட்டைத்தான் பெரும்பாலும் அளக்கிறது. மாற்றத்தைக் காட்டவும் தாமதமாகும். மெல்லிய முனையுள்ள வேகமான சென்சாரை இன்டர்கூலருக்குப் பின்னால் உள்ள குழாயில் வை. புதுச் சென்சாருக்கு உரிய அளவீட்டு அட்டவணையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாயா என்றும் பார். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த காலைப்பொழுதில் தண்ணீர்ச் சூடு, காற்றுச் சூடு இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும்.

9. கம்ப்யூட்டர் சொல்லும் டைமிங்கும் எஞ்சினில் நடக்கும் டைமிங்கும் ஒன்றுதானா? லைட் அடித்துப் பார்க்காமல் நம்பாதே.

எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் முன்பக்கத்தில் இரண்டு காந்த சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று 12 பல்லுள்ள சக்கரத்தைப் படிக்கும், மற்றது சுற்றுக்கு ஒருமுறை அடையாளம் சொல்லும். இவற்றின் இரண்டு ஒயர்களும் இடம் மாறினால் எஞ்சின் ஓடலாம். ஆனால் வேகம் ஏற ஏற டைமிங் நழுவும். ஆகவே கம்ப்யூட்டரில் டைமிங்கை ஓர் எண்ணில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டை முன் ரோட்டரின் லீடிங் ஒயரில் (கீழே உள்ள பிளக்கின் ஒயர்) மாட்டு. ஐடிலிங்கில் குறி ஒத்துப்போனால் மட்டும் போதாது. 4000 சுற்று வரை ஏற்றியும் குறி அசையக்கூடாது.

புல்லியில் இருக்கும் குறி டாப்பைக் காட்டுவதில்லை என்பதையும் நினைவில் வை. மாஸ்டா போட்ட குறிகளில் ஒன்று லீடிங்குக்கு, டாப்புக்குப் பின் 5 டிகிரி. மற்றது டிரெயிலிங்குக்கு, டாப்புக்குப் பின் 20 டிகிரி. முதல் குறியைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால், மேப் (கம்ப்யூட்டரில் உள்ள எண் அட்டவணைகள்) முழுவதும் 5 டிகிரி தப்பாகவே வாழும். வேறு கம்பெனிப் புல்லி மாட்டியிருந்தால் அதன் குறிகளை நம்பாமல் நீயே அளந்து குறி போடு.

10. லீடிங், டிரெயிலிங் விஷயத்தில் பொறுமையாக இரு.

ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், முக்கிய வேலை அதனுடையது. மேலே இருப்பது டிரெயிலிங், சற்றுப் பின்னால் அடிக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள டிகிரி வித்தியாசத்தை ஸ்பிளிட் என்போம். ஐடிலிங்கில் ஆலை வைத்தது 15 டிகிரி. பூஸ்டில் அதை 10-க்குக் கீழே இறக்கிச் சக்தி தேட வேண்டாம்; அதில் கிடைப்பது கொஞ்சம், இழக்கக்கூடியது முழு எஞ்சின். டிரெயிலிங் முந்தி லீடிங் பிந்தி அடிக்கும்படி எண் விழுந்துவிடவே கூடாது. அட்டவணையில் கூட்டல் கழித்தல் குறி இந்தக் கம்ப்யூட்டரில் எப்படி எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று கையேட்டைப் படித்து உறுதி செய். ஒரு கம்பெனியின் பழக்கம் இன்னொரு கம்பெனியில் செல்லாது.

ஒயரிங்கில் ஒரு பொறி இருக்கிறது. பழைய அமைப்பில் இரண்டு லீடிங் பிளக்கும் ஒரே காயிலில் சேர்ந்து அடிக்கும். அங்கே ஒயர் மாறினாலும் பாதகமில்லை. டிரெயிலிங்குக்கு ரோட்டருக்கு ஒன்றாகத் தனித்தனிக் காயில். இந்த இரண்டும் மாறிவிட்டால்? வண்டி கிளம்பும், ஐடிலிங்கும் நிற்கும், ஏனென்றால் லீடிங் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். அப்படியே பூஸ்டுக்குப் போனால் தவறான நேரத்தில் தவறான அறையில் ஸ்பார்க் விழும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு: டைமிங் லைட்டை முன் டிரெயிலிங் ஒயருக்கு மாற்று. டிரெயிலிங் குறி தன் இடத்தில் தெரிந்தால் சரி. குறியே காணவில்லை என்றால் காயில் மாறியிருக்கிறது. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு எந்த வண்டியையும் நான் டைனோவில் ஏற்றுவதில்லை.

பிளக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆலை லீடிங்குக்கு 7-ம் டிரெயிலிங்குக்கு 9-ம் வெப்ப எண்ணில் கொடுத்தது. பூஸ்டை ஏற்றினால் நான்கிலும் 9 போடு.

11. பெட்ரோல் போதுமா என்று கணக்குப் போடு.

ஆலை கொடுத்தது ரோட்டருக்கு ஒரு 550 சிசி முதன்மை இன்ஜெக்டர், ஒரு 850 சிசி துணை இன்ஜெக்டர். முதன்மை எப்போதும் ஓடும், சுமை ஏறும்போது துணை சேர்ந்துகொள்ளும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கு மேல் பூஸ்ட் கேட்காதே. இன்ஜெக்டரை மாற்றினால் மின்தடையை அளந்து பார்: 12 ஓமுக்கு மேல் என்றால் ஒரு வகை, 2, 3 ஓம் என்றால் கம்ப்யூட்டருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பேட்டரி வோல்ட்டுக்கு ஏற்ப இன்ஜெக்டர் திறக்கும் தாமதமும் கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். தயாரித்தவர் கொடுத்த அட்டவணையை ஏற்று, ஊகிக்காதே. துணை இன்ஜெக்டர் சேரும் அந்த ஒரு நொடியில் கலவை வறண்டு போகிறதா என்பதைக் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் லாகில் உற்றுப் பார்.

பம்பையும் மறந்துவிடாதே. பெரிய பம்பைப் பழைய மெல்லிய ஒயரில் மாட்டி, சுமையில் வோல்ட் சரிந்து, பெட்ரோல் பிரஷர் விழுவது அடிக்கடி நடக்கிறது. எஞ்சின் ஓடும்போது பம்பின் முனையிலேயே வோல்ட்டை அள. புது ஒயர், புது ரிலே, தனி ஃபியூஸ் என்று போட ஒரு மாலைப் பொழுது போதும்.

12. முதல் ஸ்டார்ட்டில் பெட்ரோலைக் குறைவாக வை.

ரோட்டரியில் பெட்ரோல் அதிகமாகிவிட்டால் சீல் மேலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். கம்ப்ரஷன் விழும், எஞ்சின் பிடிக்காது. மறுபடி மறுபடி சாவியைத் திருகாதே. இன்ஜெக்டர் ஃபியூஸை உருவிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்துச் சுற்றவிடு. பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டு. ஆக்சிலேட்டர் முழுதும் மிதித்திருந்தால் பெட்ரோலை நிறுத்தும் வசதி புதுக் கம்ப்யூட்டர்களில் உண்டு. அதை இயக்கி வைத்துக்கொள்.

13. வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் பூஸ்டைத் தொடாதே.

ஆலை கொடுத்த ஆக்சிஜன் சென்சார், காற்று-பெட்ரோல் விகிதம் 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். பூஸ்டில் உனக்கு வேண்டியது 11-க்குப் பக்கத்து எண், லாம்டாவில் 0.75. பிஸ்டன் டர்போவில் பழகியவர்கள் இது ரொம்ப அதிகப் பெட்ரோல் என்பார்கள். அவர்கள் எஞ்சினுக்கு அது சரி. இங்கே அந்தக் கூடுதல் பெட்ரோல் அறையைக் குளிர்விக்கிறது. 11.5-ஐத் தாண்டி வறள விடாதே.

வைட்பேண்டும் பொய் சொல்லும் நேரம் உண்டு. ஸ்பார்க் தவறினால் எரியாத ஆக்சிஜன் வெளியே வந்து, கலவை வறண்டது போல எண் காட்டும். அதை நம்பி நீ பெட்ரோலைக் கூட்டினால் ஸ்பார்க் மேலும் தவறும், எண் மேலும் வறளும். எண் திடீரென்று துள்ளினால் முதலில் பிளக், காயில், எக்ஸாஸ்ட் கசிவு மூன்றையும் பார்.

14. பூஸ்டைக் கடைசியில் ஏற்று.

ஆலை அமைப்பு ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ. வெறும் டவுன்பைப்பையும் சைலன்சரையும் மாற்றினாலே நீ கேட்காமல் பூஸ்ட் ஏறும், ஏனென்றால் அடைப்பு நீங்கிய எக்ஸாஸ்டில் சின்ன வேஸ்ட்கேட்டால் டர்போவை அடக்க முடியாது. கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே எக்ஸாஸ்டை மாற்றியவர்கள் இதனாலேயே எஞ்சினை இழந்திருக்கிறார்கள். வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் மிகக் குறைந்த பூஸ்டில் தொடங்கு. ஒவ்வொரு படியிலும் டைமிங்கைத் தாராளமாகப் பின்னே வைத்து, பெட்ரோலைச் சரிசெய்து, லாகைப் படித்துவிட்டு அடுத்த படிக்குப் போ. இதைச் சுமையைப் பிடித்து நிறுத்தும் டைனோவில் செய். பொதுச் சாலையில் செய்யாதே. உன் கண் லேப்டாப்பில் இருக்கும்போது எதிரே குறுக்கே வரும் குழந்தையை யார் பார்ப்பது?

15. அடுத்தவர் மேப்பை உன் வண்டியில் ஏற்றாதே. பெட்டியோடு வரும் அடிப்படை மேப் வண்டியைக் கிளப்பி டைனோவரை கொண்டுபோக மட்டுமே. இறக்குமதி வண்டியில் ஏற்கெனவே ஒரு மேப் இருந்தால் அது எந்தப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டது என்று கேள். ஜப்பானில் 100 ஆக்டேன் பங்கில் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் 98. அமெரிக்காவில் 91, 93 என்று எழுதியிருப்பது வேறு அளவுகோல். அங்குள்ள 91, ஜப்பானியக் கணக்கில் 95, 96 அளவில்தான் நிற்கும். ஜப்பானில் நன்றாக ஓடிய மேப் கலிபோர்னியாவில் எஞ்சினைக் கொல்லலாம்.

16. ஆபத்து வரும் முன்பே பாதுகாப்பை எழுதிவை.

பூஸ்ட் மிஞ்சினால், கலவை வறண்டால், ஆயில் பிரஷர் அல்லது பெட்ரோல் பிரஷர் விழுந்தால், தண்ணீர் கொதித்தால் கம்ப்யூட்டர் தானாக எஞ்சினை அடக்க வேண்டும். அடக்கும்போது முழுதாக அடக்கட்டும். பூஸ்ட் இருக்கும்போது பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது வறட்சியைத்தான் கொண்டுவரும். விசிறியையும் முன்கூட்டியே ஓடவிடு: ஆலை அமைப்பில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அது சுற்றத் தொடங்கும். அலுமினியமும் இரும்பும் மாறி மாறி அடுக்கிய இந்த எஞ்சினுக்கு, அதன் நடுவே ஓடும் தண்ணீர் சீல்களுக்கு, அந்தச் சூடு நல்லதில்லை.

எழுதிய பாதுகாப்பு ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே தூண்டிப் பார். ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் சென்சாரின் பிளக்கை உருவு. எஞ்சின் நிற்கிறதா?

17. ஒவ்வொரு மேப்பையும் தேதி போட்டுச் சேமி. என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று இரண்டு வரி எழுது. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்று.

18. பழைய கம்ப்யூட்டரை விற்காதே.

காசு கிடைக்கும்தான். ஆனாலும் ஈரம் படாத உறையில் போட்டு, வெட்டிய இணைப்புகளையும் பழைய அழுத்த சென்சாரையும் கூடவே வைத்துக் கட்டி, மேலே எழுதி ஒதுக்கி வை. 1995 வரை வந்த பெட்டிகள் 8-பிட், 1996 முதல் வந்தவை 16-பிட். ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்ட முடியாது, உன் வண்டிக்கு உரியது மறுபடி கிடைப்பது நாளுக்கு நாள் கடினமாகி வருகிறது. புகைச் சோதனைக்கு ஆலை அமைப்பைக் கேட்கும் ஊர்கள் உண்டு. கலிபோர்னியாவில் அரசின் விலக்கு எண் இல்லாத கம்ப்யூட்டரைச் சாலை வண்டியில் வைத்திருப்பதே சட்டத்துக்குப் புறம்பு. பிளக்-இன் வகை போட்டிருந்தால் இன்னொரு பயனும் உண்டு: வண்டி திடீரென்று மக்கர் செய்து, கோளாறு ஒயரிங்கிலா மேப்பிலா என்று தெரியாமல் திண்டாடும் நாளில், ஆலையின் இன்ஜெக்டரும் பூஸ்டும் மாறாமல் இருந்தால், பழைய பெட்டியைச் செருகிப் பார். அதிலும் அதே கோளாறு வந்தால் லேப்டாப்பை மூடிவிட்டு மல்டிமீட்டரை எடு.